கடல் கடந்த பற்றுவரவு: பெருமந்தக் காலத்தில் சென்னை மாகாணமும் அண்டை அயலும்

பஞ்சமோ விலைவீழ்ச்சியோ வந்துவிட்டால், நம் வீட்டுக் குதிரைப் பார்த்த கையோடு அடுத்த வீட்டுக் குதிரில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப்பார்ப்பது மனித இயல்பு. அரசுகளும் இதற்கு விலக்கல்ல. நெருக்கடி வரும்போதெல்லாம் மாநிலங்களை வரிசைப்படுத்தும் அட்டவணைகள் வெளிவருகின்றன. யார் அதிகம் சரிந்தார்கள், யார் தாக்குப்பிடித்தார்கள் என்று அவை சொல்கின்றன. நம் இடம் சற்று மேலே இருந்தால் நமக்கு ஓர் ஆறுதல் பிறக்கிறது. அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பார்ப்பதற்கு, 1930களின் பெருமந்தமும் அன்றைய சென்னை மாகாணமும் ஏற்ற பாடமாக அமைகின்றன. அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணம் அந்தப் புயலில் ஓரளவு தப்பியது என்றே தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதி கடலுக்கு அப்பால் கிடக்கிறது.

முதலில் களத்தை வரையறுத்துக்கொள்வோம். அன்றைய சென்னை மாகாணம் வடக்கே கஞ்சத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை நீண்டிருந்தது. மேற்கே மலபாரும் தென் கன்னடமும் அதனுள் அடக்கம். மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி ஆகிய சமஸ்தானங்கள் அதன் நில எல்லையில் இருந்தன. கடல் எல்லையில் இருந்த அண்டையர் இருவர். ஒன்று இலங்கை, தனிக் குடியேற்ற நாடு. மற்றொன்று பர்மா; 1937 ஏப்ரல் 1 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இன்னும் தள்ளி மலேயா. வரைபடத்தில் இவற்றுள் சில தொலைவில் இருப்பினும், இராமநாதபுரத்தானுக்கும் தஞ்சாவூரானுக்கும் ஐதராபாத்தைவிட இரங்கூனும் கொழும்பும் பினாங்கும் நெருக்கமாக இருந்த காலம் அது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த செய்தி, தஞ்சை மிராசுதாரரின் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. ஆனால் அடுத்த ஆண்டின் அறுவடையில் அதன் பொருள் அவருக்கு விளங்கிவிட்டது. 1930 தொடங்கிச் சில ஆண்டுகளில் நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. தென்னார்க்காட்டின் நிலக்கடலையும் கொங்கு நாட்டின் பருத்தியும் அதே வழியில் சென்றன. விளைச்சல் குறையவில்லை, விலைதான் வீழ்ந்தது. பஞ்சங்களை அறிந்திருந்த நம் உழவருக்கு இது புதுமையான துன்பம். களம் நிறைய நெல் கிடக்கும், கையில் காசு இராது. நிலவரியோ ரூபாயில் விதிக்கப்பட்டது. விலை இறங்கியதென்று அது தானாக இறங்கவில்லை. பத்து மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்தியைக் கட்ட இருபது மூட்டை விற்க நேர்ந்தது. கடனும் அவ்வாறே. 1927இல் ரூபாயின் மதிப்பு 18 பென்ஸ் என உயர்வாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. மந்தம் வந்த பின்னும் அரசு அதைக் குறைக்க இணங்காததால் விலைவீழ்ச்சியின் கூர்மை கூடியது.

இந்த அடி எல்லா அண்டையர் மீதும் விழுந்தது. ஆனால் அது விழுந்த இடமும் விதமும் வேறுவேறு.

மிகக் கடுமையாக அடிபட்டது கீழ் பர்மா. ஐராவதி வடிநிலம் முழுவதும் ஏற்றுமதிக்கான நெல் ஒன்றையே நம்பியிருந்தது. அந்த நெல்லோ பெரும்பாலும் கடன் பணத்தில் விளைந்தது. காடும் சதுப்புமாகக் கிடந்த அந்நிலத்தைக் கழனியாக்கிய பர்மிய உழவருக்கு முதல் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். 1929-30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்களின் முதலீடு 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இந்தத் தொகையின் பருமனை உணர ஓர் ஒப்பீடு உதவும். அதே காலத்தில் சென்னை மாகாணத்துக்கென அமைந்த குழு, இம்மாகாணத்தின் கிராமக் கடன் முழுவதையும் 150 கோடி என மதிப்பிட்டது. அதாவது, நம் மாகாணத்து உழவர் அனைவரும் பட்டிருந்த கடனில் பாதியளவுக்கு ஒரு சமூகத்தின் பணம் கடலுக்கு அப்பால் உலவிக்கொண்டிருந்தது.

நெல் விலை சரிந்ததும் பர்மிய உழவரால் வட்டி கட்ட இயலவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியாரின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் மொத்தத்தில் 6 விழுக்காடு. 1937இல் அது 25 விழுக்காடு. ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம், அதை உழுதறியாத, உழவும் விரும்பாத கைகளுக்கு மாறியது. விரும்பாத என்று நாம் சொல்வது கவனத்துக்குரியது. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது சுழலும் பணம். விலைபோகாத வயலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆயினும் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது.

அங்கே மந்தம் கலகமாகவும் வெடித்தது. 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள், நம் மாகாணத்தின் வடகடலோரத் தெலுங்குத் தொழிலாளர்கள். அவர்களுக்கு மாற்றாகப் பர்மியர் அமர்த்தப்பட்டனர். வேலைநிறுத்தம் முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியர் வெளியேற்றப்பட்டனர். கலவரம் மூண்டு இந்தியர் பலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தாராவாடி மாவட்டத்தில் சாயா சானின் தலைமையில் உழவர் எழுச்சி தொடங்கியது. தலைவரியும் கடனும் நெல்விலையும் அதன் பின்னே இருந்தன. 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் வருவோம். அங்கே சரிந்தது ரப்பர். 1925இல் லண்டனில் ஒரு பவுண்டு எடை நான்கு ஷில்லிங்குக்கும் மேல் விற்ற ரப்பர், 1932இல் இரண்டு பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. தேயிலைக்கு 1933இல் ஏற்பட்ட பன்னாட்டுக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஓரளவு முட்டுக்கொடுத்தது. ரப்பருக்கு அத்தகைய உடன்படிக்கை 1934இல்தான் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் அன்று ஏழு லட்சம் அளவில் நம்மவர் இருந்தனர். அரிசி விலை இறங்கிவிட்டதே என்று காரணம் காட்டி அவர்களுடைய குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. இங்கே சற்று நிற்க வேண்டும். ஐராவதிக் கரையில் நெல்விலை வீழ்ந்ததால் செட்டிநாட்டு முதல் முடங்கியது. அதே நெல்விலை வீழ்ந்ததால் கண்டிச் சீமையில் தமிழனின் கூலி குறைந்தது. ஒரு கயிற்றின் இரு முனைகள். போதாக்குறைக்கு 1934-35இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனது.

மலேயா இன்னும் எளிய வழியைக் கண்டது. 1930 ஆகஸ்டில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தியது. வேலையிழந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் இவ்வாறு ஊர் திரும்பியோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மலேயாவின் வேலையின்மை இப்படிக் கப்பலேறி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கி, திருச்சி, சேலம், தஞ்சை, ஆர்க்காடு மாவட்டங்களின் கிராமங்களுக்குள் கரைந்துபோனது. மலேய அரசின் கணக்கில் வேலையற்றோர் குறைந்தனர். நம் மாகாணத்துக் கணக்கிலோ அவர்கள் வேலையற்றோராகப் பதியப்படவில்லை. ஊருக்குத் திரும்பியவன் அண்ணனின் வயலில் அரைவேலை செய்தான், அரை வயிறு உண்டான். அதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

மேற்கே இரு சமஸ்தானங்கள். மைசூருக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் மதிப்பீட்டு முறையைக் கைவிட்டது. ஸ்டெர்லிங்கோடு பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் உடன் சரிய, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. உலகமே விலைவீழ்ச்சியில் தவித்தபோது விலை ஏறிய ஒரே சரக்கு கோலாரின் மண்ணுக்கடியில் கிடந்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுத் தமிழர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகொள்வோம். இன்னொரு பக்கம் சீன, ஜப்பானியப் பட்டின் மலிவால் மைசூர்ப் பட்டு வளர்ப்போர் நொடித்தனர். 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த மிர்சா இஸ்மாயிலின் காலத்தில், பாசனமும் மின்சாரமும் கைகொடுக்க, மண்டியாவில் 1933இல் சர்க்கரை ஆலை எழுந்தது. 1932இல் இந்திய அரசு சர்க்கரைக்கு அளித்த காப்புவரி அதற்குத் துணை.

திருவிதாங்கூரின் கதை வேறு. கொப்பரையும் கயிறும் மிளகும் விற்று, பர்மா அரிசி வாங்கித் தின்ற நாடு அது. அரிசி மலிந்தது அங்கே ஓரளவுக்கு நன்மை. கொப்பரை மலிந்ததோ அந்த நன்மையை விழுங்கிவிட்டது. மிகுந்த எண்ணிக்கையில் முளைத்திருந்த அதன் சிறு வங்கிகள் இந்த அதிர்ச்சியைச் சில காலம் மூடிமறைத்தன. 1937இல் இரு பெரிய வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, 1938இல் கதவடைத்தது. அதன் வீழ்ச்சிக்கு அரசியல் பகையும் காரணம் என்பர். எனினும், அடமானமாக வாங்கிய தோட்டத்தின் மதிப்பும் தேங்காயின் விலையைப் பொறுத்ததே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

*

இந்தப் பின்புலத்தில் சென்னை மாகாணத்தைப் பார்த்தால் அது தேறியதாகவே தெரியும். பர்மாவைப் போல் இங்கே பெரும் உழவர் கலகம் எழவில்லை. ஒரே பயிரை நம்பிய நாடாகவும் இது இல்லை. நெல், கம்பு, சோளம், பருத்தி, கடலை எனப் பலவும் விளைந்தன. கூலியை நெல்லாகவே அளக்கும் வழக்கம் தஞ்சை போன்ற இடங்களில் நிலைத்திருந்ததால், விலைவீழ்ச்சியின் முழு வேகம் பண்ணையாளின் கலயத்தை எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மந்தத்தின் நடுவிலேயே கோயம்புத்தூர் எழுந்தது.

கோவையின் எழுச்சியை விந்தை என்று சொல்வதுண்டு. அதில் விந்தை ஏதுமில்லை. 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. பருத்தி அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. வேலை தேடி வருவோர் மிகுந்ததால் கூலி குறைவு. அயல்நாட்டுத் துணிக்குக் காப்புவரி கூடியது. சுதேசி உணர்வு சந்தையைத் தந்தது. கிராமத்தில் கடன் கொடுத்தால் திரும்பாது என்று கண்ட பணம், நகரத்துப் பங்குகளை நாடியது. பத்தாண்டுக்குள் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 1934இல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 1930களின் நடுவில் கோவையில் படப்பிடிப்பு நிலையங்களும் தோன்றின. பேசும்படத்தில் புரண்ட பணத்தில் ஒரு பகுதி, உழவனுக்கு மறுக்கப்பட்ட கடன் என்றால் அது மிகையாகாது.

ஆக, உழவனை வாட்டிய காரணங்களே ஆலையை வளர்த்தன. மலிந்த பருத்தி விற்றவனுக்கு இழப்பு, வாங்கியவனுக்கு ஆதாயம். கடன் கிடைக்காமை ஒருவனுக்கு முடக்கம், மற்றவனுக்கு முதலீடு. சென்னைக்கும் மைசூருக்கும் இருந்த வேறுபாட்டைவிட, தஞ்சைக்கும் கோவைக்கும் இருந்த வேறுபாடு பெரிது. மாகாணத்தின் சராசரி என்று ஒன்றைக் கணக்கிட்டால் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

நகைகளின் கதையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு தோலா 21 ரூபாய் சொச்சமாக இருந்த தங்கம், 1931க்குப் பின் சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டியது. வரி கட்டவும் வட்டி கட்டவும் வழியற்ற குடும்பங்கள் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றி விற்றன. இந்தியா முழுவதுமிருந்து அவ்வாறு வெளியேறிய பொன் பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தது. அரசின் வரவுசெலவுக் கணக்கு இதனால் சீராகத் தெரிந்தது. வரி வசூலும் பெரிதாகக் குலையவில்லை. கோலாரில் மண்ணைத் தோண்டி எடுத்த பொன் மைசூருக்கு வருவாய். நம் கிராமங்களில் தாலிச்சரடிலிருந்து எடுத்த பொன் நமக்கு வருவாய். ஒன்று உற்பத்தி, மற்றொன்று இழப்பு. ஏட்டில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இனிக் கடலுக்கு அப்பால் கிடக்கும் அந்தப் பாதிக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் கணக்கு மாகாண எல்லையில் முடியவில்லை. அதன் முதலில் கணிசமான பகுதி பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் இருந்தது. அதன் உழைப்பில் கணிசமான பகுதியும் அங்கேதான். எனவே அதன் மந்தத்தில் கணிசமான பகுதியும் அங்கேதான் நிகழ்ந்தது. காரைக்குடியில் தொடங்கிய கடன் பர்மியனின் வயலில் போய் வாராக்கடனாயிற்று. இழந்தவன் பர்மிய உழவன் என்று பர்மாவின் கணக்கு சொன்னது. கோலாலம்பூரில் பிறந்த வேலையின்மையோ புதுக்கோட்டைச் சீமையிலும் ஆத்தூர்ப் பக்கத்திலும் வந்து ஒடுங்கியது. ஒரு நாடு தன் துன்பத்தை ஏற்றுமதி செய்ய முடியும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. பணம் உள்ளவனும் அதைச் செய்தான், அரசும் அதைச் செய்தது. அண்டை நாட்டைவிட நாம் தேவலை என்று சொல்லும்போது, அந்த அண்டை நாட்டின் இழப்பில் நம் கை எவ்வளவு, நம் இழப்பில் அவர்கள் கை எவ்வளவு என்று கேட்காமல் இருக்க முடியாது.

இலக்கிய வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. மணிக்கொடி தோன்றிய 1933ஆம் ஆண்டு, மந்தத்தின் அடிவயிறு. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு 1935இல் வந்தது. அக்கதையை வகுப்பில் நடத்தும்போது, அத்தனை துயரம் இருந்தும் மக்கள் ஏன் கடல் கடந்தார்கள் என்று மாணவர் கேட்பதுண்டு. ஊரில் இருந்ததும் அதே துயரத்தின் மறுபக்கம்தான் என்பதே விடை. அக்கால எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலையில்லாப் பட்டதாரியும், சம்பளம் போதாத குமாஸ்தாவும், நிலம் போன சிறு விவசாயியும் பாத்திரங்களாவதற்கு முன்னால் விலைப்பட்டியலில் பிறந்தவர்கள். பொருளியல் அறிக்கையில் கட்டம் கிடைக்காதவர்களுக்குச் சிறுகதையில் இடம் கிடைத்தது.

*

பின்விளைவுகளைப் பார்த்தால் ஒப்பீட்டின் பொருள் இன்னும் தெளிவாகும். சென்னை மாகாணத்தில் கடன் தீரவில்லை. 1935இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை, கிராமக் கடன் 200 கோடியாகிவிட்டது என்று மதிப்பிட்டது. 1937இல் பதவியேற்ற இராஜாஜியின் அமைச்சரவை அடுத்த ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு நிலுவை வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வீட்டுக்குள் நேர்ந்த மோதலைச் சட்டம் ஓரளவு தணித்தது, ஏனெனில் கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே சட்டமன்றத்தின் கீழ் இருந்தனர்.

கடலுக்கு அப்பால் அந்த வாய்ப்பு இல்லை. அங்கே கடன்காரனும் கடனாளியும் வேறு மொழியினர், வேறு நிறத்தவர். பொருளாதாரப் பகை இனப்பகையாயிற்று. பர்மாவில் 1938இல் மீண்டும் கலவரம். 1942இல் ஜப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தனர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டமியற்றியது. மந்தக் காலத்தில் வந்து சேர்ந்த அந்த நிலம், வெறும் பத்திரக் காகிதமாய்ச் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் தங்கிவிட்டது. இலங்கை 1939இல் அரசுப் பணிகளிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தலைப்பட்டது. பதிலுக்கு இந்திய அரசு தொழிலாளர் அங்கே செல்வதைத் தடை செய்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. மந்தத்துக்கும் இவற்றுக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. நடுவில் போரும் அரசியலும் உண்டு. ஆயினும் வேலைக்கும் நிலத்துக்கும் போட்டி கடுமையான அந்தப் பத்தாண்டில் ஊன்றிய கசப்பு அவற்றுக்கு உரமாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

இதில் விதிவிலக்கான ஒரு காட்சியும் உண்டு. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. மூன்று ஊர்களும் ஒரே பேரேட்டின் பக்கங்கள் என்பதை அன்றைய வணிகர் அறிந்திருந்தனர். அறியாதது, அல்லது அறிய விரும்பாதது, அரசுகளின் புள்ளிவிவரம்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நம் ஊர்களின் கட்டுமானத் தளங்களிலும் பனியன் ஆலைகளிலும் உழைத்த வடமாநிலத் தொழிலாளர்கள் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பினார்கள். அவர்களுடைய வேலையின்மை எந்த மாநிலத்தின் கணக்கு? வேலை போனது இங்கே, பசித்தது அங்கே. 1930இல் மலேயா நமக்குச் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஒப்பீடு கூடாது என்பது நம் வாதமன்று. ஒப்பிடாமல் எதையும் அளக்க இயலாது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடும்போது, எல்லைக்கோடு பணத்துக்கும் ஆளுக்கும் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். 1930களின் சென்னை மாகாணம் அண்டையரைவிடக் குறைவாகவே அடிபட்டது என்று எழுதுவோர், அந்த அண்டையரின் வயலிலும் தோட்டத்திலும் நம்மவர் முதலும் நம்மவர் முதுகும் இருந்ததைச் சேர்த்தே எழுத வேண்டும்.